டிம் அடிக்காத லாரி

எதிரே வெளிச்சம் வரும்போதெல்லாம் அன்னக்கொடி குனிந்து, மடியில் கிடந்த புருஷனின் முகத்தை மறைத்துக்கொண்டாள். கருத்தக்கண்ணனின் மூச்சு நாகமலைப் பக்கத்திலேயே நின்றுபோயிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முன்னால் அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்த வீரணனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

மதுரையில் டாக்டர் கையை விரித்தபோதே பொழுது சாய்ந்துவிட்டது. கொழுந்தன் சேதி சொல்ல பஸ் ஏறி ஊருக்கு, எழுமலைக்குப் போய்விட்டான். வாடகைக் கார் பிடித்தது அவள்தான். வீரணன் கதவைத் திறக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"உசுரு இருக்குல்ல தாயி? வழியில ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அங்கனயே எறக்கி விட்டுருவேன். பொணம் ஏத்துன வண்டின்னா ஒரு பய கூப்பிட மாட்டான்."

"என்னைய வீட்டுல கொண்டுபோய்ப் போட்ருடி, ரோட்டுல கீட்டுல விட்றாத" என்று அன்று காலையில்தான் கருத்தக்கண்ணன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தான். பாவி, அதுவரைக்கும் தாக்குப்பிடித்திருக்கக் கூடாதா!

வீரணன் ஒழுங்கான டிரைவர், அது ஒன்றுதான் ஆறுதல். தூரத்தில் விளக்குத் தெரிந்ததுமே இடது காலால் தரைப் பொத்தானை மிதித்து டிம் அடிப்பார். எதிரே வருகிறவனும் பதிலுக்கு டிம் அடிப்பான். வெளிச்சம் கண்ணை விட்டுத் தாழ்ந்து ரோட்டில் விழும், வண்டிக்குள் இருட்டாகிவிடும். அன்னக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வரும்.

செக்கானூரணி தாண்டியதும் அவர் கேட்டார்: "ஒரு வா தண்ணி குடு தாயி, தொண்ட காஞ்சிருக்கும். உள் லைட்டப் போடட்டா?"

"வேணாம்ணே, வேணாம்! அவருக்குக் கண்ணு கூசும்."

"அதுவுஞ் சரிதான். உள்ள லைட்டு எரிஞ்சா எனக்கும் ரோடு தெரியாது."

அவள் இருட்டில் தண்ணீரைச் சரித்தாள். அது கடைவாயில் வழிந்து அவள் சேலையை நனைத்தது. "குடிச்சுட்டாருண்ணே" என்றாள். பிறகு, வீரணனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே புருஷனிடம் பேசினாள். "இந்தா வந்துட்டோம்யா. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, இன்னங் கொஞ்சந்தான்." கையில் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. எம்புட்டு நேரம்தான் செத்தவனோடு பேசிக்கொண்டு வருவது!

உசிலம்பட்டிக்கு இன்னும் தூரம் இருந்தது. ஒரு லாரி வந்தது. வீரணன் டிம் அடித்தார். அவன் அடிக்கவில்லை. மறுபடி மிதித்துக் காட்டினார். அவன் கண்டுகொள்ளவே இல்லை.

"நாசமாப் போறவன், கண்ண அவிச்சிருவான் போல!" என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது. கருத்தக்கண்ணனின் தலை அவள் பிடியிலிருந்து நழுவி, வாய் பிளந்து மல்லாந்தது. வண்டி முழுக்க வெள்ளை வெளிச்சம். அவள் நிமிர்ந்தபோது முன்னால் தொங்கிய பின்பார்வைக் கண்ணாடியில் வீரணனின் கண்கள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

லாரி போய்விட்டது. வீரணன் ஓரங்கட்டி நிறுத்தினார். ஐயோ, போச்சு! சுற்றிலும் பொட்டல். இந்த இடத்தில் இறக்கிவிட்டால் பொம்பளை ஒருத்தி என்ன செய்வாள்?

"அண்ணே... ஒங்க காலப் பிடிச்சுக்கிறேன்ணே... வீட்டு வாசல் வரைக்கும்..."

வீரணன் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, அந்தக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"பின்னால வர்ற வண்டி வெளிச்சம் இதுல பட்டுக் கண்ணக் கூசுது தாயி" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

அன்னக்கொடி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ரோடு இருட்டிக் கிடந்தது. ஒரு வண்டியும் வரவில்லை.