நகத்தளவு கல்லின் வயது

தபீதாளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: கல்யாணத்துக்குப் பிறகும் புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையை விடக்கூடாது. வருங்கால மாமியார் ஜெயகுமாரிக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவிடம் தான் பேசிக்கொள்வதாக மாப்பிள்ளை அசரியா சொல்லியனுப்பியிருந்தார். அதை நம்பித்தான் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

அசரியா திருப்பதியில் தொல்லியல் ஆராய்ச்சி செய்பவர். பெண் பார்க்க வந்த இடத்திலும் வாசலில் கொட்டியிருந்த ஆற்றுச் சரளையைக் கிளறி, நகத்தளவு கல் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். அது ஒரு பக்கம் பிறையாக வளைந்து, மறுபக்கம் பிளேடு மாதிரி கூராக இருந்தது.

"ஆதி மனுசங்க செதுக்கினது. அம்புல சொருகுவாங்க. பத்தாயிரம் வருஷம் இருக்கும்" என்றார். சொல்லும்போது முகமே மாறிவிட்டது. தபீதாளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவள் அப்பா இயேசுதாசன், சபையின் உபதேசியார். கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான் தம்பி ஆவுது."

ஜெயகுமாரி மகனின் தொடையைக் கிள்ளினார்.

"எட்டாயிரம்னு வெச்சிக்கலாங்க" என்றார் அசரியா.

"அப்பவும் உலகம் இல்லியே."

இன்னொரு கிள்ளு. "ஆறாயிரம்?"

"அப்போ ஆதாமே செஞ்சதா? அவரு இன்னாத்துக்குப் புத்தூர் வராரு?"

"நாலாயிரம்."

"ஜலப்பிரளயத்துக்குப் பின்ன. சரியா வருது." உபதேசியார் முறுக்கை மறுபடி எடுத்தார். கத்தரிக்காய் பேரம்கூட இவ்வளவு சீக்கிரம் படியாது. "அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்."

"வேணாம் நைனா" என்றாள் தபீதாள்.

"இன்னாம்மா, நம்ம கணக்குக்கே வந்துட்டாரே?"

"எனக்கும் உன் கணக்குதான் நைனா. அவரு கணக்கு பத்தாயிரமாச்சே. ரெண்டு கிள்ளுக்கு இவ்ளோ எறங்கிட்டாரு. என் வேலைக்கு ஒரு கிள்ளு போதும்."

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடித்து முடித்துவிட்டே கிளம்பினார்கள்.

பஸ்ஸில் அம்மாவை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அசரியா மட்டும் திரும்பி ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"பத்தாயிரம்தாங்க. ஒரு வருஷங்கூட கொறையாது."

தபீதாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ள வந்து நைனாகிட்ட சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னலிலிருந்து ஜெயகுமாரி "அசரியா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார்.

கல்லை அவள் கையில் வைத்துவிட்டு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.