மீதி நாற்பத்திமூன்று

நாற்பத்திமூன்று ரூபாய் மீதியை நடத்துனர் கொடுக்காமல் போனதால், அந்தப் பேருந்து ஓட்டுநர் இல்லாமலே ஒரு சித்தாளின் பின்னால் வரத் தொடங்கியது. அவளுடைய புருஷன் கொத்தனார். இந்த ஊரில் வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் கத்தி வைக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இருந்த ஒரே நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள். “சில்லறை இல்லம்மா, இறங்கும்போது வாங்கிக்கோ” என்று டிக்கெட்டின் பின்னால் 43 என்று கிறுக்கினான் நடத்துனர். நிலையம் வந்ததும் பின்வாசல் வழியாக இறங்கி எங்கோ போய்விட்டான். அவள் தேடிக் களைத்தாள்.

நிலையம் முன்பு ஊருக்கு நடுவில்தான் இருந்தது. பெரிய மனிதர்களின் காருக்கு இடைஞ்சல் என்று அதைத் தூக்கி முள்ளுக்காட்டில் போட்டார்கள். ஊருக்குள் பேருந்து நுழையக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். வந்து இறங்குகிறவன் பறந்தா போவான் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஆட்டோக்காரனிடம் அவள் டிக்கெட்டைக் காட்டினாள்.

“மீதி வரணும் அண்ணே, இதுல எழுதியிருக்கு.”

“அதை அவன்கிட்ட காட்டு. தலைக்கு நாப்பது. இல்லையா, நட.”

நடந்தாள். பேருந்தும் நடந்தது. “உனக்கென்ன என் பின்னால வேலை, சனியனே!” என்று கல்லெடுத்து அடித்தாள். ஒரு விளக்கு உடைந்தது, அது நிற்கவில்லை. பாதி வழியில் செருப்பு அறுந்தது. வேறு வழியில்லாமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் அது வேகம் பிடித்தது. சந்துகளில் சுவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று வழி விட்டன, மறுபடி பழைய இடத்துக்கே போயின. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அரை மணி முன்னால வந்திருக்கக் கூடாதாம்மா?” என்றாள்.

மறுநாள், மறுபடி அதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தவளிடம் நடத்துனர் சில்லறையோடு ஓடி வந்தான். பேருந்து டிப்போவுக்குத் திரும்பவே இல்லை.

“அக்கா, என் வேலை போயிடும். இந்தா நாப்பத்திமூணு. பஸ்ஸை விட்டுடு.”

“அரை மணி நேரமா குடு.”

“அதுக்கு நான் எங்க போவேன்?”

“அப்ப உங்கிட்ட இன்னும் சில்லறை இல்ல. இறங்கும்போது வாங்கிக்கிறேன், போ.”

அவள் இறங்கவில்லை. நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பேருந்து ஊருக்குள்ளேயே ஓடியது. அதிகாரிகள் சங்கிலி போட்டார்கள், சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது பாட்டுக்கு ஓடியது. பிள்ளைத்தாய்ச்சிகள் ஏறினார்கள், மூட்டைக்காரர்கள் ஏறினார்கள், உத்தரவு போட்டவனின் மாமியாரும் ஏறினாள். ஆட்டோக்காரன் பத்து ரூபாய்க்கு இறங்கி வந்தான். அவள் தலை நரைத்தது. கோபம் நரைக்கவில்லை.

ஒரு மத்தியானம், ஓய்வு பெற்றுவிட்ட அந்த நடத்துனர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி தோளில் சாய்ந்தபடி ஏறினான். பேருந்து எங்கும் நிற்காமல் போனது. வாசலில் தள்ளுவண்டி காத்திருந்தது, டாக்டரும் இருந்தார். அந்த நிலையிலும் அவன் சட்டைப்பையைத் துழாவினான்.

அவள் மடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து நாலாகக் கிழித்து அவன் மேல் எறிந்தாள். “கணக்கு தீர்ந்துச்சு. உனக்கு அரை மணி மிச்சம் இருக்கு. கொண்டுபோ.” பிறகுதான் இறங்கினாள்.

கடன் இல்லாத பேருந்து மறுநாளும் வந்தது. திரும்பிப் போ என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள்.