எவால்தோவுக்குச் செய்த மரியாதை

எவால்தோ முதலாளி செத்த மறுநாள், அவர் மகன் கெர்மான் எர்சீலியாவின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். ஐம்பது வருஷமாக அந்தக் குடும்பம் அந்த வாசலை மிதித்ததில்லை.

"அப்பாவோட கடைசி ஆசைங்க. ஆத்தங்கரையில, உங்க மபூச்சே முறைப்படி அடக்கம் பண்ணணுமாம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தித் தரணும்."

அந்த ஆற்றங்கரை எர்சீலியாவின் முன்னோர்களான மபூச்சே பழங்குடிகளுடையது. எவால்தோவின் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய கையோடு நிலத்தை வளைத்து வேலி போட்டார். அதைத் திருப்பிக் கேட்கப் போன எர்சீலியாவின் அப்பா பஸ்குவாலை, சிப்பாய்கள் நாட்டை ஆண்ட காலத்தில், எவால்தோவின் வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. விசாரணைக் கமிஷன் வந்தது, எழுதிக்கொண்டது, போனது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு முதலாளி எண்பத்தெட்டு வயது வரை நன்றாகத் தின்று கொழுத்தார்.

"நடத்திடலாம்" என்றாள் எர்சீலியா.

அவன் போனதும் சித்தப்பா மகன் நஸாரியோ குதித்தான். "உனக்கு புத்தி கெட்டுப்போச்சாக்கா? அந்தப் பாவிக்கு நாம மேளம் அடிக்கணுமா?"

"மேளம் மட்டுமாடா நம்ம முறை?"

நஸாரியோ சற்று யோசித்தான். அப்புறம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

மேளமும் ஆட்டமும்தான் சடங்கு என்று பெரிய வீட்டுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். மேயரையும் பாதிரியாரையும் வேறு அழைத்திருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கியதும் எர்சீலியா தலைமாட்டில் போய் நின்றாள். மபூச்சே முறைப்படி, செத்தவரின் வாழ்க்கையை, நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல், ஊரறியச் சொல்ல வேண்டும். மறைத்தால் உயிர் கிளம்பாது, வீட்டையே சுற்றும்.

"எவால்தோ நல்லா குதிரை ஏறுவார். நாய்க்குப் போடாம அவர் சாப்பிட மாட்டார். நல்லது முடிஞ்சுபோச்சு. இனி மத்தது."

மற்றதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. வேலி, எரித்த வீடுகள், சவுக்கடி பட்டவர்களின் பெயர்கள். மேயர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கெர்மான் ஓடிவந்தான். "போதும், நிறுத்துங்க!"

"பாதியில நிறுத்துனா உங்கப்பா உங்க வீட்டுக்குத்தான் திரும்பி வருவார், தம்பி. எனக்கென்ன?" என்றாள். "பஸ்குவாலை வண்டியில ஏத்துனார். எங்க புதைச்சார்? அது எனக்குத் தெரியாது. உங்க ஆளு யாராச்சும் கால்மாட்டுல நின்னு சொல்லணும். அதுவும் முறைதான்."

எவால்தோவின் விதவை இல்ஸே மபூச்சே தாதியின் மடியில் வளர்ந்தவள். பாவமன்னிப்பைவிட அலையும் ஆவியை அதிகம் நம்புகிறவள். உயிரோடு இருந்த எவால்தோவுக்கு அறுபது வருஷம் பயந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தடியை ஊன்றிக் கால்மாட்டுக்கு வந்தாள்.

"அவர் திரும்பி வர வேண்டாம். கோதுமைக் கிடங்குக்குப் பின்னால, ஆப்பிள் மரத்தடியில. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

எர்சீலியாவுக்கு நிம்மதி வரவில்லை.

"அந்த மரத்து ஆப்பிளையா வருஷா வருஷம் எங்களுக்குக் கூடை கூடையா அனுப்புனீங்க, முதலாளியம்மா?"

எர்சீலியா நஸாரியோவின் பக்கம் திரும்பினாள்.

"நஸாரியோ, நீதிபதிக்குப் போன் போடு. தோண்டி எடுக்கட்டும். இங்க வெட்டின குழி எங்கப்பாவுக்கு ஆகும்."

"அப்போ எங்கப்பாவை என்ன பண்றது?" என்றான் கெர்மான்.

"வந்த வண்டியிலேயே ஏத்திட்டுப் போங்க."

அவர்கள் பெட்டியைத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றும்வரை எர்சீலியா அந்தக் குழியை விட்டு நகரவில்லை.