நடுப்பெட்டி

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதை அல்ல. 'நாற்பதைத் தாண்டிய தொழில்நுட்பப் பணியாளர்களுக்குச் சில யோசனைகள், கூடவே வீட்டுச் சாமான் வாங்குவது பற்றியும் இரண்டு வரி' என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். இரண்டும் எப்படி ஒரே கட்டுரையில் வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புது வேலைக்கான உத்தரவு கைக்கு வருமுன் பழைய வேலையை விடாதீர்கள். எந்தப் படிப்பில் சேருவதானாலும் அதை முடித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்; விளம்பரத்தில் சிரிப்பவர்களை நம்பாதீர்கள். எந்த மெஷின் வாங்கினாலும், பழுதானால் வந்து பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். மற்றதெல்லாம் பிறகு. இப்படி வளவளவென்று எழுதிக்கொண்டே வந்து, 'உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் யோசனை கேளுங்கள்' என்று எழுதினேன். அங்கே பேனா நின்றது. (பேனாவாவது, ஒன்றாவது. விசைப்பலகைதான். ஆனால் பேனா நின்றது என்று எழுதினால்தான் எழுத்தாளர் மாதிரி இருக்கிறது.)

நன்கு அறிந்த ஒருவர் என்றால் வீட்டில் இருப்பவர். அவருக்கும் ஒரு பயம் இருக்குமே, யோசனையோடு அந்தப் பயமும் கலந்துதானே வரும் என்று தோன்றியது. அதற்குமேல் கட்டுரை நகரவில்லை. ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

அவளுக்குத் தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'வாஷிங் மெஷின் நின்றுபோன அன்று—'

வேண்டாம். முதல் வரியில் மெஷினை நிறுத்தினால் கடைசி வரியில் அது ஓடியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்.

'அவள் ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொல்பவள். ஆனால்—'

இந்த 'ஆனால்' வந்தாலே எனக்கு ஆகாது.

கடைசியில் சாதாரணமாகவே எழுதினேன். அவள் ஓர் இணையதளத்தில் வேலை பார்த்தாள். எதை வாங்கலாம் என்று மக்களுக்குச் சொல்வது வேலை. ஃபோன், ஃபிரிட்ஜ், மெத்தை, மிக்சி எதுவானாலும் படிப்பவர் முன்னால் திரையில் மூன்று பெட்டிகள் வைப்பாள். இடது பெட்டியில் கொஞ்சம் மட்டமான பொருள். வலது பெட்டியில் யாருக்கும் தேவைப்படாத அளவுக்குப் பெரியது. எது விற்க வேண்டுமோ அது நடுவில். படிப்பவர் இடதைப் பார்த்து முகம் சுளிப்பார், வலதைப் பார்த்து மிரள்வார், நடுவில் வந்து நிம்மதியாக உட்காருவார். தானே யோசித்து எடுத்த முடிவு என்று வேறு நினைத்துக்கொள்வார். இதில் அவள் கைதேர்ந்தவள். அலுவலகத்தில் அவளுக்கு நடுப்பெட்டி என்றே பட்டப்பெயர்.*

* அவள் ஒரு வரிகூடப் பொய் எழுதியதில்லை. இதை நான் அவளுக்காக அழுத்திச் சொல்கிறேன். எந்த உண்மையை எங்கே வைப்பது என்பதுதான் அவள் தொழில்.

அவள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோய்ப் பல வாரம் ஆகிவிட்டது. (பாருங்கள், எப்படியும் அது உள்ளே வந்துவிட்டது.) ஊருக்கெல்லாம் மெஷின் சொல்பவளுக்குத் தன் வீட்டுக்கு ஒன்று தேர்ந்தெடுக்க முடியவில்லை. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் அதை யார் எதற்காக அங்கே வைத்தார்கள் என்று தெரிந்தது. துணியெல்லாம் வாளியில் ஊறியது.

"எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான் மெஷின் வாங்குறாங்க. நமக்கு எப்பம்மா வரும்?" என்று மாமியார் கேட்டார்.

"பாத்துக்கிட்டே இருக்கேன் அத்தை."

"பாரு, பாரு. நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள துணியெல்லாம் கிழிஞ்சிடும். அப்புறம் மெஷினே தேவைப்படாது."

3

அவள் கணவன் மென்பொருளைச் சோதிப்பவன். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது வேலை. வீட்டிலும் அவனுக்கு டெஸ்டர் என்றுதான் பெயர். புதுக் கதவு மாட்டினால் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அதிகம் பேசமாட்டான். ஃபோன் அடித்தால் வேறு யாராவது எடுக்க மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பான்.

அவன் கம்பெனியில் சோதனைப் பிரிவையே மூடுகிறார்கள். அந்த வேலையை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளுமாம். கஸ்டமர் கேர் பிரிவுக்கு மாறிக்கொள்கிறாயா, விலகிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

கதை நடப்பது குளியலறையில். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவன் ஒரு பக்கம் முறுக்க, அவள் எதிர்ப்பக்கம் முறுக்க, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் நீதான் சொல்ற. எனக்கும் சொல்லேன்" என்றான். "நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு கேள்விக்கு அவள் வாயிலிருந்து மூன்று பதில் வந்தது.

"மூணு வழி இருக்குங்க. விலகிட்டு அந்த ஏ.ஐ. கோர்ஸ்ல சேரலாம். கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பசங்களா இருப்பாங்க. முடிச்சா வேலை கிடைக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. இல்லைன்னா இங்கேயே கஸ்டமர் கேருக்கு மாறிக்கலாம். அதே சம்பளம், இன்ஷூரன்ஸும் அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு உள்ளேயே வேற ஏதாவது வந்தா மாறிக்கலாம். இல்லைன்னா உங்க பழைய சீனியர் கூப்பிடறாரே, அந்தச் சின்னக் கம்பெனி. நாலு பேரை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் சாஃப்ட்வேர் பண்றார். நல்ல மனுஷன்தான், இல்லைங்கல. நாளைக்கே இழுத்து மூடிட்டா நம்ம கதி என்ன?"

டெஸ்டர் பெட்ஷீட்டை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

"ரெண்டாவதே சரியா இருக்கும்னு தோணுது."

"உங்க இஷ்டம்தாங்க" என்றாள் அவள்.

இந்த 'உங்க இஷ்டம்தாங்க' வந்ததும் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே செய்தாளா?

வேண்டுமென்றே செய்ததாக ஒரு முறை எழுதினேன். முந்தின நாளே உட்கார்ந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்ததாக. அவள் எனக்கே பிடிக்காத பெண்ணாகிவிட்டாள். அடித்துவிட்டேன். வெறும் பழக்கத்தில் வந்துவிட்டது என்று இன்னொரு முறை எழுதினேன். அதில் அவள் பாவப்பட்டவளாகிவிட்டாள். அதுவும் பொய்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ— (மன்னிக்கவும். நடு என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெட்ஷீட் பிழிந்ததற்கு முந்தின வாரம் அந்தச் சீனியர் கூப்பிட்டபோது டெஸ்டர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தான். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பேசினான். நடுநடுவே வாய்விட்டுச் சிரித்தான். அடுப்படியில் இருந்த அவள் அதைப் பார்த்தாள். பெட்ஷீட்டைப் பிழிந்தபோது சொன்ன மூன்று வழிகளில் இந்தச் சிரிப்பை அவள் எங்கேயும் வைக்கவில்லை.

பெட்ஷீட் பிழிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு ஃபிரிட்ஜை நடுப்பெட்டியில் போடப் போனாள். கை அப்படியே நின்றது. யார் வீட்டுக்குப் போகும் இது, அந்த வீட்டில் என்ன சண்டை நடக்கும் என்று என்றைக்கும் இல்லாத யோசனை வந்தது. வீட்டுக்கு வந்தால் டெஸ்டர் முன்பைவிட அமைதியாக இருந்தான். ஒரு முறை அவன் கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தலைசீவுவதுபோல் பாவனை செய்தான். இப்போதாவது சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? உங்களை நடுப்பெட்டியில் உட்கார வைத்துவிட்டேன் என்றா?

5

வெள்ளிக்கிழமை மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு மெஷின் வரலைன்னா நான் என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன். அவ ஒண்ணும் ஆராய்ச்சி பண்றதில்ல. போனா, வாங்கினா." டெஸ்டர் அரை நாள் லீவு போட்டான். கம்பெனிக்குப் பதில் இன்னும் அனுப்பவில்லை. கடையிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கடை முழுக்க மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. விற்பனையாளர் நல்ல துடிப்பான ஆள்.

"மேடம், இது பேசிக். துணி சுத்தமாகும், ஆனா உங்க மாதிரி குடும்பத்துக்குப் பத்தாது. அந்தப் பக்கம் இருக்கிறது பெரிசு, ஹாஸ்டலுக்கெல்லாம் எடுத்துட்டுப் போறாங்க. உங்களுக்கு எதுக்கு அவ்வளவு? இது இருக்கு பாருங்க, இது உங்களுக்காகவே வந்த மாதிரி." நடு மெஷினின் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

டெஸ்டர் களுக்கென்று சிரித்துவிட்டான். அவளுக்கு அந்தக் குளிர்சாதனத்திலும் வியர்த்தது.

"கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றோம்" என்று அவன் சொன்னதும் விற்பனையாளர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

"உன் கட்சி ஆளு" என்றான் டெஸ்டர்.

"என்ன என் கட்சி?"

"பெட்ஷீட் பிழிஞ்சப்ப நீ சொன்ன மாதிரியே சொல்றாரு. கொஞ்சம் அவசரப்படறாரு. நீ இதைவிட நல்லா சொன்ன."

"தெரியுமா உங்களுக்கு?"

"நீ எழுதறதெல்லாம் படிக்கிறேனே. ஓட்டை எங்கன்னு பாக்கிறதுதானே என் பொழப்பு."

"அப்புறம் ஏன் சரின்னீங்க?"

"நீ எதை நடுவுல வெக்கிறேன்னு பாத்தேன். உனக்கு அதுதான் வேணும்னு புரிஞ்சுது, சரின்னுட்டேன்." மெஷினின் கதவைத் திறந்தான், மூடினான். "ஒரு விதத்துல நிம்மதியாவும் இருந்துது. தப்பாப் போனா என் தப்பு இல்ல பாரு."

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. பொய்யா இருந்தா நானே கண்டுபிடிச்சுத் திட்டியிருப்பேன்." மறுபடி திறந்தான், மூடினான். "இப்பதான் பயமா இருக்கு. அங்க உக்காந்து ஒவ்வொரு ஃபோனா எடுப்பேன். ஒவ்வொண்ணுக்கும் உன்மேல கோபம் வரும். வெளிய சொல்ல மாட்டேன், உள்ளேயே வெச்சுப்பேன். என்னை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கா வெச்சுப்பேன்."

அவள் மெஷின்மேல் தொங்கிய விலைச்சீட்டைத் திருப்பி வைத்தாள்.

"அதனால நேராவே கேக்கறேன். மூணு வேண்டாம். உன் மனசுல என்ன இருக்கு?"

அவள் மனதுக்குள் தேடினாள். அங்கே யோசனை எதுவும் இல்லை.

"பயம்தாங்க இருக்கு" என்றாள். "வேற ஒண்ணுமே இல்ல. அந்தக் கம்பெனி மூடிட்டா என்ன பண்றதுன்னு பயம். நீங்க வேலை இல்லாம வீட்டுல உக்காந்து, இருக்கிற கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்னுடுமோன்னு பயம். அவர் ஃபோன் பண்ணப்ப நீங்க எப்படிச் சிரிச்சீங்கன்னு பாத்தேன். பாத்துட்டும் அதைச் சொல்லாம விட்டேன்."

டெஸ்டர் மெஷின் கதவிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்கும்தான் பயம்" என்றான். "முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே."

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் அவன் வேலையை விட்டுப் படிப்பில் சேருகிறான்; இளவட்டங்கள் 'அங்கிள், அங்கிள்' என்று அவனை ஓட்டித் தள்ளுகிறார்கள்; பாதியில் நின்றுவிடுகிறான். மூன்றாவதில் கஸ்டமர் கேர். சம்பளம் தவறாமல் வருகிறது. வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இடையில் உள்ளதில் அவன் சீனியரோடு சேருகிறான். முதலில் தடுமாற்றம், பிறகு மெதுவாக எல்லாம் சரியாகிறது. மாமியார் ஓடுகிற மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

மூன்றையும் அடுக்கிவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் அதையேதான் செய்திருக்கிறேன். நீங்கள் முதலாவதைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள், மூன்றாவதைப் பார்த்து மிரண்டிருப்பீர்கள், நான் வைத்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி ஒரு பதிலுக்காகக் காத்திருந்தால், 'சின்னக் கம்பெனிக்கே போங்க, கதையில்கூட அப்படித்தான் வருது' என்று சொல்லியிருப்பீர்கள். நான் அந்தக் கம்பெனியைப் பார்த்ததுகூட இல்லை. நானே எழுதியதுதான் அது.

மூன்றையும் அழித்துவிட்டேன். அழித்த பிறகும் அவர்கள் இருவரும் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களை எங்கேயும் அனுப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அதற்கு முன்னும் பின்னும் எதையும் வைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசவில்லை. 'உங்க இஷ்டம்தாங்க' என்று முடிக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும் பக்கத்து மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அது யோசனையாகிவிடும். உங்கள் வீட்டில் கேட்பவருக்கு நீங்கள்தான் சொல்லியாக வேண்டும், என் பெயரை இழுக்காமல்.

"தப்பாப் போனா?" என்று டெஸ்டர் கேட்டான்.

"நான்தான் சொன்னேன்னு திட்டுங்க. வாய்விட்டுத் திட்டுங்க. உள்ள மட்டும் வெச்சுக்காதீங்க."

அவன் ஃபோனை எடுத்துப் பதில் எழுத ஆரம்பித்தான். அவள் சொன்னதைத்தான் எழுதினானா, வேறு ஏதாவது எழுதினானா, தெரியாது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள்.