டிக்கெட்காரியின் சாட்சி

பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவன் பாய்லர்தான். கரி எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. கோபமும் அதே ஜாதி. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் மனைவி அதே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தாள். அவளுடைய தம்பியும் கரி அள்ளுகிறவன்தான். மாமனும் மச்சானும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

டீசல் வரப்போகிறது என்றதும் அது கெட்டது. டீசலுக்குக் கரி அள்ள ஆள் எதற்கு? எஞ்சின் ஷெட்டிலிருந்து எட்டுப் பேரை மட்டும் பயிற்சிக்கு எடுத்தார்கள். தம்பி அதில் இருந்தான், பாய்லர் இல்லை. உன் தம்பி கூட இருந்தே குழி பறித்துவிட்டான் என்று சொல்லி அவன் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். அவள் சுவரைத் துடைத்தாள்.

முதல் டீசல் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தது. பிளாட்பாரத்தில் நுழைந்ததும் நாலா பக்கமிருந்தும் வேலை போகிறவர்கள் எறிந்த கரிக்கட்டிகள் பறந்தன. முன்கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. டிரைவர் மறுபக்கம் குதித்து ஓடிவிட்டார். துணைக்கு வந்திருந்த தம்பி கையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கினான்.

"மாமா, வேணாம். நான்தான்," என்றான்.

பாய்லருக்கு அது தெரியும். தெரிந்துதான் கரி அள்ளும் ஷவலை ஓங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது, ஷவலின் விளிம்பு, இடது கண்ணைப் பிளந்தது. டிக்கெட் ஜன்னலில் நின்றிருந்தவள் கவுன்டர் கதவைத் திறந்துபோட்டு ஓடினாள். தம்பியின் முகத்தைப் பொத்திய அவளுடைய விரல்களுக்கிடையே ரத்தம் கொப்பளித்து, முழங்கை வரை வழிந்தது.

அத்தனை பேர் பார்த்தும் கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. போகாதே என்று மாமியார் அவள் காலில் விழுந்தாள், பிறகு மண்ணை வாரித் தூற்றினாள். ஆனாலும் அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

"அடிச்சது இவர்தான். என் தம்பி கையத் தூக்கிட்டு நின்னான்," என்றாள். ஐந்து வருடம் போட்டார்கள்.

ஒற்றைக் கண்ணோடு எஞ்சின் ஓட்ட விடுவார்களா? தம்பியைப் பார்சல் ஆபீசில் உட்கார வைத்தார்கள். அவள் அவனோடு குடியேறினாள்.

சிறையிலிருந்து வந்த பாய்லர் நேராக டிக்கெட் ஜன்னலுக்குத்தான் வந்தான். வரிசையை இடித்துத் தள்ளி, உள்ளே கைவிட்டு அவள் கழுத்தைப் பிடித்தான். அவளுக்குக் கண் இருட்டியது. தேதி குத்தும் இரும்பு மிஷின் கைக்கு எட்டியது. அதைத் தூக்கி, ஜன்னல் பலகைமேல் நீண்டிருந்த அவன் முன்கைமேல் போட்டாள். பிடி விடவில்லை. மறுபடி போட்டாள். எலும்பு முறிவது அவளுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு அவன் அவள் பக்கம் வரவில்லை. ஷெட்டில் துருப்பிடித்து நின்ற கரி எஞ்சின்களை இரும்புக்கு வெட்டுகிற காண்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனான். எந்த எஞ்சினுக்காக மச்சானை வெட்டினானோ அதையே துண்டு போட்டான். தினம் ஏழெட்டு தண்டவாளம் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும். அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை; கரியோ டீசலோ, வருகிற சத்தம் காதுக்குத் தெரியும்.

இருபது வருடம் கழித்து மின்சார எஞ்சின் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், பூனைபோல வந்த அது அவனை அடித்துத் தண்ணீர்த் தொட்டி வரை இழுத்துக்கொண்டு போனது.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. போலீஸ்காரர் யாருக்காவது ஆளைத் தெரியுமா என்று கேட்டார். கூட்டத்தோடு வந்து நின்ற அவள், பக்கத்திலிருந்த தம்பியைப் பார்த்தாள். அவன் தன் ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரர்," என்றாள்.

தம்பி குனிந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தான்.

அவள் அழவே இல்லை என்று பிறகு ஊர் பேசியது. கவுன்டருக்குத் திரும்பி, ஜன்னலைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்து அவள் அழுதாள். தம்பி வெளியே நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னான்.