என் கைக்குப் பதிலாக ஒரு வைஸ்

...இரண்டரை மணிக்குள் முடித்தாக வேண்டும், கதவு மாட்டப் போன வீட்டில் சாப்பாடு போட்டால் என் கணவர் மூன்றரைக்கு வருவார், போடாவிட்டால் இரண்டரைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்பார், அதற்குள் இந்த வைஸ் மேசையில் ஏறியிருக்க வேண்டும்... அப்படியென்ன மலையைப் புரட்டுகிற வேலை, முன்னால் ஒரு பலகை, நடுவே மரை போட்ட ஒரு கம்பி, திருகினால் பலகை உள்ளே வந்து கட்டையை மேசையோடு இறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதானே, பதினோரு வருஷமாக இந்தத் தச்சுப் பட்டறையில் அதைச் செய்வது என் இரண்டு கைகள்தான், நான் கட்டையைப் பிடிப்பேன், அவர் உளியை வைத்து அடிப்பார். "கம்பி, நட்டெல்லாம் யாருக்கும்மா?" என்று ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டதற்கு "என் விரலுக்கு" என்றேன், மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். இரண்டு மாதத்தில் மூன்று தடவை உளி வழுக்கிவிட்டது, முதலில் நகத்தின் நுனி, அப்புறம் ஆள்காட்டி விரலில் தோல், போன வாரம் கட்டைவிரலில் நாலு தையல், ஒவ்வொரு தடவையும் "கை நடுங்குது, நான் என்ன பண்ண" என்கிறார். நாத்தனார் போனில், "அண்ணனுக்கு வயசாகுதுல்ல அண்ணி, நீங்கதான் பாத்து நடந்துக்கணும்" என்றாள்... நான் பார்த்துத்தான் நடக்கிறேன், உளிதான் பார்க்காமல் வருகிறது.

அட கடவுளே, இது ஏன் சிக்குகிறது? பலகை நேராக ஓடுவதற்காகக் கம்பியின் இரண்டு பக்கமும் இரண்டு உருட்டுக் கட்டைகள், அவற்றுக்கான துளைகளைப் பலகையையும் மேசையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் போட்டிருக்க வேண்டும், அவசரக்குடுக்கை, தனித்தனியாகப் போட்டுத் தொலைத்தேன், ஒரு நூல் தள்ளிப் போய்விட்டது. அரத்தால் ராவி ராவித் துளையை அகலமாக்குகிறேன், தையல் போட்ட விரல் விண்விண் என்று தெறிக்கிறது... எதற்கு இவ்வளவு பதற்றம், அவர் என்ன என்னை அடித்தா விடப் போகிறார், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை, அதனால்தான் இந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டேன், "இங்க யாரு புடிப்பா?" என்றார், அந்த வாரம்தான் நகம் போனது... சே, என்ன நினைப்பு இது, நடுக்கம் என்ன நாள் பார்த்தா வரும்? பயம்தான், வேறென்ன, பயமாகத்தான் இருக்கிறது எனக்கு. ஆனால் பலகை இப்போது ஓடுகிறது, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இரண்டரைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று மேசையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை, "நீயா பண்ண?" என்கிறார், "ஆமாங்க, உங்களுக்கும் லேசா இருக்குமேன்னு" என்கிறேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருக்கிறது. ஒரு சட்டத்தை எடுத்து வைஸில் வைத்துத் திருகுகிறார், அசைத்துப் பார்க்கிறார், அசையவில்லை. உளியை எடுக்கிறார், கொட்டாப்புளியால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது... பென்சில் கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை, அந்தக் கோடி வரை போய் இந்தக் கோடி வரை வருகிறார், நான் மணிக்கட்டையே பார்க்கிறேன், எங்கே, எங்கே நடுங்குகிறது? என் விரல் பக்கத்தில் இருக்கிறதே என்ற பதைப்பில்தான் நடுங்கியதோ, அப்படியும் இருக்கலாம், இருக்கக் கூடாதா என்ன, அப்படியே இருக்கட்டுமே. "நல்லாத்தான் இருக்கு" என்கிறார், திருகைத் தளர்த்திச் சட்டத்தை உருவுகிறார், மூலையில் கிடந்த சாண் நீளத் துண்டு ஒன்றை எடுத்து வெறும் மேசையில் வைக்கிறார். "சின்னதுக்கெல்லாம் இது சரிப்படாது. இங்க வந்து புடி." அந்தத் துண்டு வைஸில் அழகாக அடங்கும், அளவு பார்த்துச் செய்த எனக்குத் தெரியும், திருகிப் பார்த்த அவருக்கும் தெரியும். உளியோடு காத்திருக்கிறார், கை ஆடாமல்.