கணப்பு மேசையின் நல்ல வார்த்தை

ட்ரொல்லிங்கர் திராட்சையைப் பற்றி ரோஸ்விதாவிடம் பேச்செடுத்தால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மலைச்சரிவில் நல்ல வெயில் விழும் இடமெல்லாம் அந்த மகாராணிக்குத்தான் வேண்டும். அக்டோபர் பாதி தாண்டினாலும் பழுத்துத் தொலையாது. பழம் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு பருமன், உள்ளே முக்கால்வாசி தண்ணீர். கல்சுவர் அடுக்குகளில் முந்நூறு படி ஏறி இறங்கி, முட்டி தேய்ந்து இடுப்பு ஒடிந்து வளர்த்தால், கடைசியில் கிடைக்கும் ஒயினை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டியதுதான். கோப்பைக்கு அந்தப் பக்கம் நெக்கர் ஆறு ஓடுவது தெரியும்.

இந்த வெளிர் சிவப்பு ஒயினை விற்கத்தான் அவளும் கணவன் ஆல்வினும் வருடத்துக்கு இரண்டு முறை வீட்டின் கீழ்த்தளத்தைக் காலி செய்து மேசைகளைப் போட்டு, வாசலில் துடைப்பத்தைத் தொங்க விடுவார்கள். துடைப்பம் தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். சமையல் ஆல்வின் பொறுப்பு. ஒயின் ரோஸ்விதாவின் பொறுப்பு. அதற்குத் திட்டு வாங்குவதும் அவள் பொறுப்புதான்.

திட்டுவது கணப்பு மேசை. கணப்படுப்பை ஒட்டிய அந்த மேசையில் வழக்கமாக ஆறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். தலைவர் ஓட்மார், எழுபத்து நான்கு வயது, பூட்டு வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு எதிரே ஹெட்விக், இந்த ஊருக்கு முப்பது வருடம் தபால் கொடுத்தவள். முதல் மடக்கு தொண்டையில் இறங்குவதற்குள் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

"என்ன ரோஸ்விதா, இந்த வருஷம் மழைத்தண்ணியையே பாட்டில்ல பிடிச்சிட்டியா?" என்பார் ஓட்மார்.

"போன வருஷமாவது கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு" என்பாள் ஹெட்விக்.

இப்படிச் சொல்லிக்கொண்டே ஆளுக்கு நாலு கோப்பை இறக்குவார்கள். கைப்பிடி வைத்த கால் லிட்டர் கோப்பை, நாலு. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்து நிற்பார்கள், மறுபடி திட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் இதே பாட்டு.

சென்ற ஆகஸ்டில் ரோஸ்விதாவுக்குப் பொறுமை போய்விட்டது. கத்தரிக்கோலோடு மலையேறி, கொடியில் தொங்கிய பச்சைக் குலைகளில் பாதியை வெட்டித் தரையில் போட்டாள். மிச்சமிருக்கும் குலையாவது கெட்டியாகப் பழுக்கட்டும் என்று கணக்கு.

ஆல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். "சும்மா இருக்க மாட்டியா ரோசி? அவங்க இத்தனை வருஷமா இதைத்தானே குடிக்கறாங்க?"

"குடிக்கறாங்க, யாரு இல்லைன்னா? ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் குடிச்சா வாய் வெந்துடுமா? அந்த மேசையிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேக்காம நான் சாகப் போறதில்ல."

அவள் பிடித்தால் பிடித்ததுதான். அறுவடை முடிந்ததும் தோலைச் சாற்றோடு வாரக்கணக்கில் ஊறப்போட்டாள். புது ஓக் மரப் பீப்பாய்கள் வாங்கி அதில் நிரப்பினாள். பழைய மாதிரி ஒரு லிட்டர்கூட எடுத்து வைக்கவில்லை. பிப்ரவரிக் கடைசியில் பீப்பாயைத் திறந்தபோது ஒயின் நாவல்பழக் கருப்பில் வந்தது. ட்ரொல்லிங்கரையா இப்படி ஆக்கினோம் என்று அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

வியாழக்கிழமை துடைப்பம் ஏறியது. கணப்பு மேசைக்கு அவளே தட்டேந்திப் போனாள். ஓட்மார் கோப்பையை ஜன்னல் பக்கம் பிடித்தார். ஆறும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. குடித்தார். மற்ற ஐந்து பேரும் குடித்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் ஓட்மார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நல்லா உழைச்சிருக்கே" என்றாள் ஹெட்விக்.

ரோஸ்விதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையலறைக்கு ஓடினாள். "சொல்லிட்டாங்க! நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க!"

புளிக்கவைத்த முட்டைக்கோஸைக் கிண்டிக்கொண்டிருந்த ஆல்வினின் கரண்டி நின்றது. "யாரு சொன்னது? ஓட்மாரா?"

"ஓட்மாரேதான்!"

"திட்டவே இல்லையா?"

"ஒரு வார்த்தை இல்ல."

ஆல்வின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு" என்றான்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அதற்குள் ஆறு பேரும் எழுந்து மேலங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆளுக்கு ஒரே கோப்பைதான். ஓட்மார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றிம்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் நன்றி என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அப்போதுதான் ஆல்வின் சொன்ன 'போச்சு' அவளுக்கு நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை கணப்பு மேசை காலி. தெருக்கோடியில் இன்னொரு ஒயின்காரன் மான்ஃப்ரெடும் துடைப்பம் தொங்க விட்டிருக்கிறான், ஆறு பேரும் மூன்று மணியிலிருந்து அங்கேதான் என்று ரொட்டிக்காரன் வந்து சொன்னான். சனி, ஞாயிறில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கார்கள் வந்தன. பட்டணத்துக்காரர்கள் கோப்பையைச் சுழற்றினார்கள், மோந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். "இது ட்ரொல்லிங்கரா? நம்பவே முடியலையே, அருமை!" இருபத்திரண்டு வருடப் பாராட்டும் இரண்டு நாளில் வந்து கொட்டியது. ஒவ்வொரு 'அருமை'க்கும் ரோஸ்விதா பல்லைக் கடித்தாள். கணப்பு மேசையில் வந்து உட்கார்ந்த ஒரு ஜோடியை எழுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அது அவர்கள் இடமா என்ன?

திங்கட்கிழமை அவள் கடைக்கு விடுமுறை. ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு விறுவிறுவென்று தெருக்கோடிக்கு நடந்தாள்.

மான்ஃப்ரெடின் பழைய மாட்டுக்கொட்டகைக்குள் ஆறு பேரும் சுவரோரமாக அடைந்து கிடந்தார்கள். "நகருங்க" என்று இடித்துத் தள்ளி நடுவில் உட்கார்ந்தாள்.

"யோவ் ஓட்மார், என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. என் ஒயின்ல என்ன குறை?"

"குறையா? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான்யா கேக்கறேன். ஏன் சொன்னே?"

ஓட்மார் மேசையைப் பார்த்தார். "வேற என்ன சொல்றது? வெளியூர்க் கல்யாணத்துல சாப்பாடு எப்படின்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவோம். மறுபடி அங்க போயா சாப்பிடப் போறோம்?"

"அப்போ இத்தனை வருஷம் திட்டினது?"

"அது நம்ம ஒயின். அடுத்த வருஷமும் நாங்கதானே குடிக்கணும். திட்டாம விட்டா நீ ஏனோதானோன்னு பண்ணிருவியே."

ரோஸ்விதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டின. "எத்தனை வருஷம் நான் தூக்கமில்லாம புரண்டிருப்பேன் தெரியுமா? பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கெல்லாம்?"

"பிடிக்காமத்தான் ஆளுக்கு நாலு கோப்பை குடிச்சோமா?" என்று கேட்டாள் ஹெட்விக், நிஜமாகவே புரியாமல்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் காலிக் கோப்பைகளைக் கழுவியவளே ரோஸ்விதாதான். ஒரு நாளும் அவற்றை எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.

"அது கிடக்கட்டும். அந்த மையை என்ன பண்ணப் போறே?" என்றார் ஓட்மார்.

"எந்த மை?"

"நீ பீப்பாய்ல வச்சிருக்கியே, அதுதான். ஒரு கோப்பை குடிச்சதுக்கு ரெண்டு நாள் பல்லு கருப்பு. மரக்கடைக்குள்ள வாயத் திறந்துக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு. பட்டணத்துக்காரனுக்கு வித்தது போக மிச்சத்தை நாங்க வந்து குடிச்சுத் தொலைக்கறோம். வேற வழி? நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கறே?"

"மூணு மணிக்கு" என்றாள். உள்ளுக்குள் ஏதோ இளகியது. இந்தக் கிழவன் திட்டியதற்கா இப்படிக் குளிர்கிறது என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. "இந்த ஆகஸ்ட்ல ஒரு குலை வெட்ட மாட்டேன், போங்க" என்றாள்.

அதற்குள் மான்ஃப்ரெட் அவள் முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி நின்றான். இருபது வருடத் தொழில் பகை. அவளுடைய ஒயினை அவனும், அவனுடையதை அவளும் இதுவரை வாயில் வைத்ததில்லை. அவள் குடித்தாள்.

சரியான ட்ரொல்லிங்கர். வெளிறிய சிவப்பு, செர்ரி வாசனை, அடிநாக்கில் லேசாக ஒரு பாதாம் கசப்பு. நின்று யோசிக்க விடாமல் தானாக இறங்கியது. பாதிக் கோப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நல்லதை அவள் பல வருடமாகக் குடித்ததில்லை. அவள் செய்ததும் இப்படித்தான் இருந்திருக்கும், திட்டுக் கேட்டுக் கேட்டே அவளுக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

மேசை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மான்ஃப்ரெடும் பார்த்தான். அந்தத் தடியனின் கண்ணில் இருந்த ஆசை அவளுக்கு நன்றாகவே தெரிந்த ஆசை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"என்ன மான்ஃப்ரெட், பீப்பாயைக் கழுவற பழக்கமே கிடையாதா?"

மேசை நிம்மதியாகச் சிரித்தது. மான்ஃப்ரெட் முகம் சிவந்து உள்ளே போனான். கதவை அறைந்து சாத்தினான். அவன் மனைவி ஏதோ கேட்பதும், "அவளும் அதேதான்! ஒருத்தர் வாயிலிருந்தாவது வருதா?" என்று அவன் கத்துவதும் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

ரோஸ்விதா பாதி எழுந்தாள். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம், நாலே எட்டுதான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஐந்து கோப்பை குடித்தாள், கடைசிவரை அவனிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.